ராப்தி கரையில் ஒரு மாவட்டம்: சித்தார்த்நகரில் வெள்ளம் ஏன் வடிய மறுக்கிறது?

கேள்வி இதுதான்: வடக்கே ஒவ்வொரு மழைக்காலத்திலும் வெள்ளம் என்று செய்தியில் பார்க்கிறோம், அப்படிப்பட்ட ஒரு விவசாய மாவட்டம் உண்மையில் எப்படி இருக்கும், வெள்ளம் வரும் என்று தெரிந்தும் மக்கள் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்?

கோசியைப் பற்றியும் பிரம்மபுத்திராவைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதிகம் பேசப்படாத ஒரு மாவட்டத்தை வைத்துச் சொல்கிறேன். உத்தரப் பிரதேசத்தின் கிழக்கில், நேபாள எல்லையை ஒட்டிக் கிடக்கும் சித்தார்த்நகர்.

1988 டிசம்பர் 29 அன்று பஸ்தி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. புத்தர் வளர்ந்த கபிலவஸ்து இந்த மண்ணில்தான் இருந்தது என்ற நம்பிக்கையில் அவருடைய இயற்பெயரையே மாவட்டத்துக்கு வைத்தார்கள். பரப்பு 2,895 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை சுமார் 25.6 லட்சம். நூறு பேரில் 93 பேருக்கு மேல் கிராமத்துக்காரர்கள். நவ்கட், ஷோரத்கட், பான்சி, இட்வா, டுமரியாகஞ்ச் என்று ஐந்து தாலுகாக்கள். பெரிய தொழிற்சாலை என்று சொல்ல ஒன்றுமில்லை. நெல், கோதுமை, கரும்பு, கடுகு, மசூர் பருப்பு. மேற்கே போனால் அவதி பேச்சு, கிழக்கே போனால் போஜ்புரி. 2018இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்கள் என்று தேர்ந்தெடுத்துத் தனிக் கவனம் கொடுத்த பட்டியலில் இதுவும் இருக்கிறது.

இந்த இடத்தைப் புரிந்துகொள்ள மூன்று எண்கள் போதும். ராப்தி ஆறு அபாய அளவைத் தொட்டுவிட்டது என்று அறிவிப்பதற்கு மத்திய நீர் ஆணையம் தன் ஒவ்வொரு அளவு நிலையத்திலும் ஒரு மட்டம் வைத்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டால் பல்ராம்பூரில் அது 104.62 மீட்டர். அங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி, இந்த மாவட்டத்தின் பான்சியில் 84.90 மீட்டர். இன்னும் 65 கிலோமீட்டர் போனால் கோரக்பூரின் பீர்ட்காட்டில் 74.98 மீட்டர். அதாவது பான்சிக்குக் கீழே ஆறு 65 கிலோமீட்டர் தூரத்துக்கு வெறும் 10 மீட்டர்தான் இறங்குகிறது. ராப்தி நேராகவும் ஓடுவதில்லை, பாம்பு போல வளைந்து வளைந்து போகிறது. ஆற்றின் வழியே அளந்தால் சரிவு இன்னும் குறைவு. மேட்டிலிருந்து பாய்ந்து வரும் தண்ணீர் இங்கே வந்ததும் எங்கே போவது என்று தெரியாமல் பரவி நிற்கிறது. இந்த மாவட்டத்தின் கதையில் பாதி இந்தச் சரிவுக்குள்ளேயே இருக்கிறது.

ராப்தியைப் பனிமலை ஆறு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது நேபாளத்தின் நடுமலைகளில், ரோல்பா, பியூட்டான் பக்கம் பிறக்கும் மழையாறு. பனி உருகி நிதானமாக ஏறும் பழக்கம் அதற்குக் கிடையாது. மலையில் இரண்டு நாள் கொட்டினால் விறுவிறுவென்று ஏறும், மழை விட்டால் இறங்கும். பல்ராம்பூரில் ஏறிய தண்ணீர் பான்சிக்கு வந்து சேர அவகாசம் இருப்பதால் பெரிய ஆற்றை மக்கள் ஓரளவு கணித்துவிடுவார்கள். பயம் சின்ன ஆறுகளிடம்தான். பாண்கங்கா, கூடா, ஜமுவார், புடி ராப்தி ஆகியவை கோடையில் நடந்தே கடக்கக்கூடியவை. நேபாளத்தின் சுரியா (சிவாலிக்) மலையடிவாரத்திலிருந்து வரும் நீர் இவற்றில் சில மணி நேரத்திலேயே ஊருக்குள் வந்துவிடும். மணலையும் வண்டலையும் சேர்த்தே கொண்டு வரும். புடி ராப்தி என்றால் கிழட்டு ராப்தி. ஆறு முன்பு ஓடிக் கைவிட்ட தடம் அது. மழைக்காலத்தில் ஆறு தன் பழைய வழியை மறக்கவில்லை என்று காட்டிவிடும்.

இனி, வெளியூர்க்காரர்கள் கவனிக்காமல் விடும் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு கரை மீறி வருவதை மட்டும் இங்குள்ள மக்கள் துயரமாக நினைப்பதில்லை. நீர் ஏறி, நான்கு நாளில் வடிந்தால் நெல் பிழைத்துக்கொள்ளும், வண்டலும் கிடைக்கும். பன்னிரண்டு நாள், பதினைந்து நாள் நின்றால்தான் வீடு, பயிர், மாட்டுத் தீவனம், கிணறு எல்லாம் போகும். அப்படி நிற்க வைத்ததில் மனிதர் கட்டியவற்றுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

1954இல் வடக்கிலும் கிழக்கிலும் பெருவெள்ளம் வந்ததை அடுத்து, ஆறுகளுக்கு இருபுறமும் மண் கரை எழுப்புவது நாட்டின் கொள்கையாயிற்று. அந்தக் கரையை இங்கே ‘பந்தா’ என்பார்கள். பந்தா வந்த பிறகு சின்ன வெள்ளங்கள் வருவது உண்மையிலேயே நின்றது. அதை மறைக்கக் கூடாது. பந்தாவுக்குப் பின்னால் துணிந்து நடவு செய்ய முடிந்தது. ஆனால் ஆறு முன்பு வயல் முழுவதும் பரப்பிவிட்டுப் போன வண்டல் இப்போது இரண்டு கரைகளுக்கு நடுவில் படிகிறது. படுகை ஏறுகிறது. ஊருக்குள் பெய்யும் மழை ஆற்றுக்குப் போக வேண்டுமானால் பந்தாவில் உள்ள மதகு வழியாகத்தான் போக வேண்டும். ஆறு உயர்ந்திருக்கும்போது மதகைத் திறந்தால் ஆற்று நீர் உள்ளே வந்துவிடும் என்பதால் மூடி வைப்பார்கள். மழை உள்ளேயே தேங்கும். இதற்கிடையே எலியும் முள்ளம்பன்றியும் பந்தாவில் வளை தோண்டியிருக்கும், மழை நீர் சரிவை அரித்து ஓடை வெட்டியிருக்கும். ஓரிடத்தில் பந்தா உடைந்தால், மெல்லப் பரவியிருக்க வேண்டிய தண்ணீர் ஒரே வாயில் சீறி வந்து வயலில் மணலைக் கொட்டிவிடும். பிறகு ஆறு இறங்கினாலும் உள்ளே வந்த நீர் திரும்பப் போக அதே பந்தா தடையாக நிற்கும்.

பந்தாவோடு நிற்கவில்லை. வடக்கே நேபாளம், தெற்கே ஆறு என்றிருக்கும் நிலத்தில் நீர் வடக்கிலிருந்து தென்கிழக்காக வடிய வேண்டும். கிழக்கு மேற்காகப் போகும் ரயில் பாதையும் மேடாக்கிய சாலைகளும் கால்வாய்களும் அந்த வழியைக் குறுக்கே வெட்டுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே போதுமான அகலத்தில் பாலம் விட்டிருந்தால் பிரச்சினை இல்லை. பல இடங்களில் விட்டது ஒரு சிறு குழாய்தான். சரயு கால்வாய்த் திட்டம் 1978இல் தொடங்கி 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. காக்ரா, சரயு, ராப்தி, பாண்கங்கா, ரோகின் என்று ஐந்து ஆறுகளை இணைத்து, இந்த மாவட்டம் உள்பட ஒன்பது மாவட்டங்களுக்குப் பாசனம் தருகிறது. கோதுமைப் பருவத்தில் தண்ணீர் கிடைப்பது நல்லதுதான். ஆனால் இந்த மண்ணில் வாய்க்காலுக்குச் செலவழித்த அக்கறையில் பாதியை வடிகாலுக்குக் காட்டியிருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

நீரை வேறு விதமாகக் கையாண்ட ஒரு காலமும் இங்கே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசு, இமயமலை அடிவாரத்தில் உள்ள இந்தத் தராய்க் காடுகளை வெட்டிப் பயிரிடச் சொல்லி ஐரோப்பியர்களுக்குப் பெரிய நிலத் தொகுதிகளைக் கொடுத்தது. அவற்றில் ஒன்று பர்டுபூர் எஸ்டேட். எல்லையோரமாக ஓடைகளை மறித்து ஏரிகள் கட்டினார்கள். பஜ்ஹா சாகர், மஜௌலி சாகர், மர்த்தி சாகர் என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. மழைக்காலத்தில் வரும் நீரைத் தாங்கி, அக்டோபரில் மழை நின்ற பிறகு நெல்லுக்கு விடுவதுதான் அவற்றின் வேலை. இப்போது அவற்றில் பெரும்பகுதி தூர்ந்து, ஆக்கிரமிப்புக்கும் ஆளாகியிருக்கிறது.

பர்டுபூர் எஸ்டேட்டை நிர்வகித்த வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே என்பவர்தான் 1898 ஜனவரியில் பிப்ரஹ்வா என்ற ஊரில் இருந்த மேட்டைத் தோண்டினார். உள்ளே ஒரு பெரிய கல்பேழை, அதற்குள் எலும்புத் துண்டுகளும் ஏராளமான மணிகளும் பொன் இதழ்களும். ஒரு சிமிழின் மீது பிராமி எழுத்தில், இது சாக்கியர்களின் புத்தருடைய உடல் எச்சம் என்று பொறித்திருந்தது. எலும்புகளை அரசு சயாம் மன்னருக்குக் கொடுத்தது. 1970களில் தொல்லியல் துறையின் கே. எம். ஸ்ரீவஸ்தவா அங்கே மறுபடியும் தோண்டி, ‘கபிலவஸ்து பிக்கு சங்கம்’ என்று பொறித்த சுடுமண் முத்திரைகளைக் கண்டெடுத்தார். எல்லைக்கு அப்பால் உள்ள திலௌராகோட்தான் கபிலவஸ்து என்று நேபாளம் சொல்கிறது. அந்தச் சர்ச்சை இன்னும் முடியவில்லை. பெப்பே குடும்பத்திடம் தங்கியிருந்த மணிகள் 2025 மே மாதம் ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்தபோது இந்திய அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. ஏலம் நின்றது, ஜூலையில் அவை இந்தியா வந்து சேர்ந்தன.

அந்த ஏரிகள் எந்த நெல்லுக்காகப் பயன்பட்டன என்று சொல்ல வேண்டும். காலாநமக். உமி கறுப்பு, அரிசி வெள்ளை, சமைத்தால் தெருவே மணக்கும். புத்தர் கபிலவஸ்துவுக்குத் திரும்பும் வழியில் பஜ்ஹா பக்கத்து மக்களுக்கு இந்த நெல்லைக் கொடுத்து, இதன் மணம் என்னை நினைவுபடுத்தும் என்று சொன்னதாக ஊரில் கதை உண்டு. கதை எப்படியோ, இந்த நெல்லின் குணம் இந்த நிலத்தோடு பின்னிப் போனது. பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் ரகம் இது. ஜூனில் விதைத்தாலும் ஜூலையில் விதைத்தாலும், பொழுது குறுகும் அக்டோபர் நடுவில்தான் கதிர் தள்ளும். நவம்பர் கடைசியில் அறுவடை. ஆகஸ்டு வெள்ளம் வரும்போது பயிர் இன்னும் வளரும் பருவத்தில் இருக்கும். உயரமான தாள் என்பதால் முழங்கால் தண்ணீரைத் தாங்கும். கதிர் முற்றும்போது இரவில் குளிர் இறங்கியிருக்கும், அதனால் மணம் நிற்கும். மழை ஓய்ந்த பிறகு பயிருக்குத் தேவைப்படும் கடைசித் தண்ணீரை அந்தச் சாகர்கள் கொடுத்தன.

பசுமைப் புரட்சிக்குப் பிறகு இது தேய்ந்தது. ஆறு மாதப் பயிர், உரம் போட்டால் சாய்ந்துவிடும், ஹெக்டேருக்கு 20, 25 குவிண்டாலுக்கு மேல் தராது. விவசாயிகள் குட்டை ரகங்களுக்குப் போனார்கள். கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் மிகவும் செல்வாக்குப் பெற்றது சாம்பா மன்சூரி. நம் ஊர்க் கடைகளில் பிபிடி என்றும் ஆந்திரா பொன்னி என்றும் விற்பதுதான் அது. ஆந்திராவின் பாபட்லாவில் உருவான அந்த ரகத்தின் பெற்றோர்களில் ஒன்று கோயம்புத்தூரில் 1921இல் வெளியான ஜி.இ.பி. 24 என்ற நெல். ராப்தி கரை வயலில் கோவையின் நெல் வம்சம் நிற்கிறது என்பது தெரிந்த நாளிலிருந்து அந்த வயல்கள் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

காலாநமக் அழிந்துவிடாமல் காத்ததில் கோரக்பூரைச் சேர்ந்த வேளாண் விஞ்ஞானி ராம் சேத் சௌத்ரிக்குப் பெரிய பங்கு உண்டு. ஊர் ஊராக விதை சேகரித்து, தேர்ந்தெடுத்து, கே.என். 3, காலாநமக் கிரண் போன்ற ரகங்களை வெளியிட்டார். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது இந்த மாவட்டத்துக்கு மட்டுமல்ல, ஒரே தட்பவெப்பம் கொண்ட பதினொரு மாவட்டங்களுக்கும் பொது. மாநில அரசு ‘ஒரு மாவட்டம் ஒரு பொருள்’ திட்டத்தில் சித்தார்த்நகருக்கு இதையே தேர்ந்தெடுத்தது. டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் சாயாத குட்டை வகைகளையும் கொண்டுவந்திருக்கிறது. பரப்பு மீண்டும் கூடியிருக்கிறது, விலையும் நன்றாகக் கிடைக்கிறது.

ஆனால் காலாநமக்கும் முழுதாக மூழ்கினால் தாங்காது. மூழ்கும் தாழ்வயலுக்கு ஸ்வர்ணா சப்-1 என்ற ரகம் 2009இல் வந்தது. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்த மரபணுவைச் சேர்த்தது. சாதாரண நெல் நீருக்குள் மூழ்கியதும் மூச்சுக்குத் தவித்து மேலே நீள முயன்று சக்தியெல்லாம் தீர்ந்து சாகும். இது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்கும், நீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். இரண்டு வாரம் வரை தாங்கும். மூன்றாவது வாரமும் நீர் நின்றால் அதுவும் போய்விடும். எப்படிச் சுற்றினாலும் பேச்சு வடிகாலுக்கே வந்து நிற்பதைப் பாருங்கள்.

விதையால் தீர்க்க முடியாத ஒரு வெள்ளமும் இருக்கிறது. இங்கே விவசாயம் நட்சத்திரக் கணக்கில் நடக்கும். நம் அஸ்தத்தை அவர்கள் ‘ஹதியா’ என்பார்கள். செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் முதல் வாரம் தாண்டும் வரை. அளவாகப் பெய்தால் கதிருக்கு அமுதம், அளவு மீறினால் வருடமே வீண். 2022இல் அதுதான் நடந்தது. மழைக்காலம் முழுக்க மழை பொய்த்து, டீசல் ஊற்றித் தண்ணீர் இறைத்துப் பயிரைக் காப்பாற்றியிருந்தார்கள். அக்டோபர் முதல் பாதியில் மழை கொட்டி ராப்தியும் மற்ற ஆறுகளும் பெருகின. அறுவடைக்கு நின்ற நெல் நீரில் சாய்ந்து, கதிரிலேயே முளைத்தது. ஒரே பருவத்தில் வறட்சியும் வெள்ளமும்.

இழப்பீடு எப்படி என்று கேட்பீர்கள். பேரிடர் நிதி விதிப்படி பயிரில் 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருந்தால் மழையை நம்பிய நிலத்துக்கு ஹெக்டேருக்கு ரூ.8,500, பாசன நிலத்துக்கு ரூ.17,000, அதிகபட்சம் 2 ஹெக்டேருக்கு. இது 2022-23 முதல் 2025-26 வரைக்கு வகுத்த அளவு. சேதத்தைக் கணக்கெடுப்பவர் லேக்பால். நம் கிராம நிர்வாக அலுவலர் போன்றவர். தண்ணீர் வடிந்த பிறகுதான் அவரால் வயலுக்கு வர முடியும், அதற்குள் பாதி அடையாளம் அழிந்திருக்கும். பணம் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்குப் போகும். இங்கே ஏராளமான பேர் ‘அதியா’ முறையில், அதாவது பாதி விளைச்சலை நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டு உழுகிறவர்கள். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நட்டவருக்கு நட்டம், பட்டாக்காரருக்குப் பணம். பயிர்க் காப்பீட்டிலும் நெல் வயலில் நீர் தேங்கிய சேதத்தைத் தனி வயல் அளவில் கணக்கிடும் வசதியை 2018இல் எடுத்துவிட்டார்கள். மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில்தான் மத்திய அரசு அறிவித்தது, 2026 மழைக்காலப் பயிரிலிருந்து.

நீர் தேங்கும் இடத்தில் நோயும் தங்கும். இந்தப் பகுதியில் ‘திமாகி புகார்’, மூளைக் காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டால் தாய்மார்கள் முகம் மாறிவிடும். ஜப்பானிய மூளை அழற்சி இந்தியாவில் முதலில் தெரிய வந்தது 1955இல் நம் வேலூர்ப் பக்கத்தில். கோரக்பூர் வட்டாரத்தில் 1978இல் பரவி, பிறகு போகவே இல்லை. கொக்கு, நாரையிலும் பன்றியிலும் வாழும் வைரஸ், நெல் வயல் நீரில் பெருகும் கொசு வழியே குழந்தைக்கு வருகிறது. 2005இல் கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அடுத்த ஆண்டு தடுப்பூசி வந்தது. அதற்குப் பிறகும் காய்ச்சல் தொடர்ந்ததால் ஆராய்ந்தபோது, பூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் பெரும் காரணம் என்று தெரிந்தது. அதற்கு நேரத்தோடு கொடுத்தால் விலை மலிவான மாத்திரையே போதும். இத்தனை ஆண்டுகள் அது தெரியாமல் போனதை நினைத்தால் மனம் ஆறவில்லை. கடந்த பத்தாண்டில் சாவு வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2021 அக்டோபரில் மாவட்டத்துக்கென ஒரு மருத்துவக் கல்லூரியும் திறந்தது.

குடிநீரும் இதோடு சேர்ந்ததுதான். வீட்டுக்கு வீடு ஆழமில்லாத சின்ன அடிபம்பு இருக்கும். வெள்ளத்தில் அதற்குள் கழிவு நீர் இறங்கும். ஆழமாகப் போட்ட இந்தியா மார்க் 2 பம்புதான் பாதுகாப்பு. 1970களில் யுனிசெப் உதவியோடு உருவான அந்தப் பம்பு சென்னைத் தொழிற்சாலையில்தான் பெருமளவில் தயாராகத் தொடங்கியது. மேடை உயர்த்திக் கட்டிய ஒரு மார்க் 2 பம்பு வெள்ள நாளில் ஒரு தெருவையே காப்பாற்றும்.

சரி, ஏன் போகாமல் இருக்கிறார்கள்? பாதிப் பேர் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கும் தறிக்கும் மும்பை, பிவண்டி என்று போகும் இளைஞர்கள் எல்லாக் கிராமத்திலும் உண்டு, வளைகுடாவுக்குப் போகிறவர்களும் உண்டு. நடவுக்கோ அறுவடைக்கோ திரும்பி வருவார்கள். மொத்தமாகக் குடும்பத்தோடு போகாததற்குக் காரணம் மண். சதுர கிலோமீட்டருக்கு 880 பேருக்கு மேல் வாழும் இடத்தில் ஒரு குடும்பத்துக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு ஏக்கரில் நெல்லுக்குப் பிறகு கோதுமை வரும், ஈரம் மிச்சமிருக்கும் தாழ்வயலில் மசூர் தூவினால் முளைக்கும், ஏரியோரத்தில் மீனும் சிங்காரா என்ற நீர்ச்செடிக் காயும் கிடைக்கும். அதை விற்றால் வேறெங்கும் அரை ஏக்கர் வாங்க முடியாது. ஆற்று அரிப்பில் நிலமே போனவர்கள்தான் உண்மையில் போக இடமில்லாதவர்கள். அதை ‘கட்டான்’ என்பார்கள். வெள்ளத்தில் பயிர் போகும், கட்டானில் பட்டாவே ஆற்றுக்குள் போய்விடும். பந்தாவின் மேல் குடிசை போட்டுத் தங்கியிருப்பவர்களில் இப்படிப்பட்டவர்கள் உண்டு.

நேரில் பார்க்க நினைத்தால் நவம்பர் கடைசியில் போங்கள். கோரக்பூரிலிருந்து ரயிலில் சித்தார்த்நகர், அங்கிருந்து பர்டுபூர் வழியாக பிப்ரஹ்வா. வழியெல்லாம் காலாநமக் அறுவடை நடக்கும். திரும்பும்போது பான்சியில் இறங்கி ராப்தி பந்தாவின் மேல் ஏறி நில்லுங்கள். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் ஊர். எந்தப் பக்கத்து மண் உயரமாக இருக்கிறது என்று பாருங்கள். கீழே மதகின் கதவு ஏறி இறங்குகிறதா, துருப்பிடித்துக் கிடக்கிறதா என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள்.